ஆடுவது சகலைதானா?

பேக்கரி மாஸ்டருக்குத் தன் சகலைமேல் வந்த பொறாமையை அப்படியே அள்ளி அடுப்பில் போட்டிருந்தால், அந்த வருஷம் முழுக்க விறகே வாங்கியிருக்க வேண்டாம். பன்னும் பிஸ்கட்டும் தானாக வெந்திருக்கும்.

இத்தனைக்கும் சகலை வாயைத் திறந்து பெருமை பேசுகிற ஆள் இல்லை. மாஸ்டர் மனைவியின் ஒரே தங்கையைக் கட்டியவர். பேக்கரியை ஒட்டினாற்போல் சலவைக்கடை வைத்திருந்தார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. அக்காவும் தங்கையும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கதவைத் தாண்டுவார்கள் என்று எண்ணப் போனால் எண்ணுகிறவருக்குத் தலை சுற்றிவிடும். அங்கே சலவையாகி ரொட்டி வாசனையோடு வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர்களைத் தெருநாய்கள் ரொட்டி என்று நினைத்துப் பின்தொடர்ந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

அந்தத் தெருவில் செஸ் என்றால் மாஸ்டர்தான். முடிதிருத்துபவர், பூட்டு ரிப்பேர்காரர், மருந்துக்கடைக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தவர். காலை ரொட்டி இறங்கியதும், மதியத்து மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, அது உப்புகிற வரைக்கும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனில் ஒரு செஸ் இணையதளத்தில் ஆடுவார். குதிரை எப்படித் தாவும் என்று சகலைக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். சும்மா இருந்திருக்கலாம்.

கற்றுக்கொண்டவர் அதே இணையதளத்தில் தானும் சேர்ந்தார். சேர்ந்து கொஞ்ச நாளில், சகலையின் பெயருக்குப் பக்கத்தில் ஆட்டத் திறமையைக் காட்டும் புள்ளி எண் வெயில்நாள் மாவு மாதிரி உப்பத் தொடங்கியது. மாஸ்டரின் எண்ணோ மழைநாள் மாவு மாதிரி பாத்திரத்தின் அடியிலேயே படுத்துக் கிடந்தது. அப்போது மழைக்காலம் வேறு.

"ஏங்க, தம்பி நேத்து யாரையோ வெளிநாட்டுக்காரன ஜெயிச்சிடுச்சாம். தங்கச்சி சொன்னா," என்றாள் மாஸ்டர் மனைவி, மதியச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே.

"குழம்பு உப்பா இருக்கு."

"குழம்புல உப்பே போடல இன்னும். அந்த வெளிநாட்டுக்காரன் பெரிய ஆளாம். தம்பி அவன் ராணியவே புடிச்சிடுச்சாம்."

"அப்ப ஏன் இவ்வளவு உப்பா இருக்கு?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே உப்பை எடுத்து வைத்தாள். அந்தச் சிரிப்புதான் மாஸ்டருக்குச் சோற்றில் கல்லாக அகப்பட்டது. கல்யாணமான நாளிலிருந்து, யாரையாவது ஜெயித்துவிட்டு வந்து சொல்லுகிறவர் அவர். கேட்டு வாயைப் பிளக்கிறவள் அவள். இப்போது வேறொருவன் ஜெயிக்கிறான், இவள் அதை இவருக்கே பரிமாறுகிறாள்.

அதோடு விட்டதா? மாஸ்டரும் சகலையும் போனில் ஆடிக்கொள்ளும் ஆட்டங்களில் மாஸ்டர் வரிசையாகத் தோற்றார். தோற்பது புதுசு என்பதால் ஒவ்வொரு தோல்வியையும் நுணுக்கமாகக் கவனித்தார். அப்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. கண்ணில் என்றுகூடச் சொல்லக்கூடாது, உடம்பில் பட்டது. கடிகாரத்தைப் பார்க்காமலே அடுப்பின் கதவைத் திறந்து, ரொட்டி சரியாகப் பொன்னிறமாக இருக்கும்போது வெளியே எடுக்கிற மனுஷர் அவர். நேரம் அவருக்கு விரல்நுனியில் துடிக்கும். அந்த விரல் சொன்னது: சகலை ஒவ்வொரு காயையும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டு நகர்த்துகிறார்.

தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய இடத்திலும் அதே நேரம். குதிரையை வெட்டினால் திருப்பி வெட்டியே ஆகவேண்டும், கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும், அந்த இடத்திலும் அதே நேரம். மனுஷன் என்றால் ஒரு இடத்தில் தடுமாறுவான், ஒரு இடத்தில் பாய்வான். இது என்னடாவென்றால் ஒரே அச்சில் வார்த்த பன் மாதிரி வந்துகொண்டிருக்கிறது.

"கம்ப்யூட்டர்!" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் உப்பிக்கொண்டிருந்த மாவு பாதி அமுங்கிப்போயிற்று.

விஷயம் எளிது. பக்கத்தில் இன்னொரு போன். அதில் செஸ் ஆடும் மென்பொருள். எதிராளி நகர்த்தியதை அதில் போடுவது, அது சொல்லுவதை வாங்கி இதில் போடுவது. போட்டு வாங்கி, போட்டு வாங்கி... அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரே நேரம்தானே ஆகும்! கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் மாஸ்டருக்கு அன்று சோறு இரண்டு மடங்கு இறங்கியது. உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிவெட்டிக்கொள்ளப் போனபோது முடிதிருத்துபவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். முடிதிருத்துபவரிடம் ரகசியம் சொல்வதும் தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான். ஒலிபெருக்கிக்காவது மின்சாரம் வேண்டும். மாஸ்டர் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கும்போதே செய்தி சலவைக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் நடுக்கதவு படாரென்று திறந்தது. கொழுந்தியா நின்றாள். கையில் ஈரப் போர்வை. பிழிந்துகொண்டிருந்த போக்கிலேயே வந்திருந்தாள், இன்னும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மாமா, எங்க வீட்டுக்காரரு திருட்டு ஆட்டம் ஆடறாருன்னு சொன்னீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. கம்ப்யூட்டர் உதவி பண்ணுதோன்னு ஒரு சந்தேகம்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லம்மா, சந்தேகம்ங்கறது வேற..."

"எங்க வீட்ல இருக்கறதே ஒரு போனு. அதுவும் ஒடஞ்ச போனு. அதுல அவருக்கு ராஜா எது ராணி எதுன்னு தெரியறதே பெரிய விஷயம்!"

"ஒடஞ்ச போனுல எப்படிம்மா இவ்வளவு நல்லா ஆடறாரு? அதத்தான் நானும் கேக்கறேன்."

போர்வையிலிருந்து கடைசிச் சொட்டு மாஸ்டரின் காலில் விழுந்தது. கொழுந்தியா அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ என்ன சொல்ற?"

அக்கா புருஷனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "அவரு வெளையாட்டா சொல்லியிருப்பாருடி."

"அப்ப தப்புன்னு சொல்ல மாட்டே. இருக்கட்டும்." கதவு சாத்தப்பட்டது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. அப்படி ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்கப்புறம் மழை விடவேயில்லை. பேக்கரியின் ஏப்ரன்கள் சலவைக்குப் போகாமல் மூலையில் குவிந்தன. மாஸ்டர் மனைவி அவற்றை வீட்டிலேயே துவைத்தாள், காயவில்லை. அடுப்பின்மேல் போட்டுக் காயவைத்ததில் மாஸ்டரிடமிருந்து எப்போதும் லேசாகக் கருகின வாசனை வந்தது. சலவைக்கடையில் தூரத்துக் கடையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்றார்கள். அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாகப் புகழ்ந்தார்கள். மாஸ்டரின் மனைவி மாவைப் பிசைகிறபோது சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச ஆள் இல்லாமல் புருஷனிடமும் பேசுவதை விட்டுவிட்டாள்.

நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் தன் வீட்டிலேயே தான் பொய்யன் ஆகிவிடுவோம். மாஸ்டர் யோசித்தார். மாவு பிசைகிறவர் யோசனை கைவழியாகத்தான் போகும்; அவர் யோசித்து முடித்தபோது மாவு பட்டுத்துணி மாதிரி ஆகியிருந்தது. கூடவே வழியும் கிடைத்துவிட்டது. அதே மென்பொருளைத் தானும் இறக்கிக்கொள்ள வேண்டியது. அது சொல்லுகிறபடி சகலையோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டியது. அந்தப் பக்கம் மிஷின் என்றால், மிஷினும் மிஷினும் முட்டிக்கொண்டு டிராவில் நிற்கும். அந்தப் பக்கம் மனுஷன் என்றால் துவம்சமாகிவிடுவான்.

இது ஏமாற்று வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ரொட்டிக்குள் குச்சியைச் செருகி வெந்துவிட்டதா என்று பார்ப்பது ரொட்டியைத் திருடுவதா என்ன?

ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். சகலை கோபமே இல்லாமல் ஒப்புக்கொண்டார். மதியம், மழைச் சத்தத்தில், ஆட்டம் நடந்தது. மாஸ்டரின் மனைவி என்றைக்கும் இல்லாமல் வந்து பின்னால் நின்றாள். இன்னொரு போன் மாவுத்துணிக்கு அடியில் இருந்தது. மாவு உப்பிவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் மாஸ்டர் உடம்பால் மறைத்துக்கொண்டு துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அவர் அந்த மாவைக் கவனித்த மாதிரி பெற்ற தாய்கூடப் பிள்ளையைக் கவனித்திருக்க மாட்டாள்.

சகலை துவம்சமானார். நடுவில் ஒரு இடத்தில் மிஷின் ஒரு யானையை வேண்டுமென்றே வெட்டுக் கொடுக்கச் சொன்னது. ஏன் என்று மாஸ்டருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. கொடுத்தார். கொஞ்சத்தில் சகலையின் ராஜா ஓட இடமில்லாமல் மூலையில் நின்றது.

"ஜெயிச்சிட்டீங்களா!" என்று மனைவி கத்தினாள். மாஸ்டருக்கு உள்ளே அடுப்பு அணைந்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டார் என்றால், அந்தப் பக்கம் மனுஷன்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. சகலை வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை இஸ்திரிப்பெட்டி மாதிரி சூடாக இருந்தது.

"அண்ணே! அந்த யானைய எப்படிண்ணே குடுத்தீங்க? எனக்கு ஒடம்பே சிலுத்துடுச்சு. அத எப்படி யோசிச்சீங்க?"

"அது... தோணுச்சு."

"தோணுச்சாம்!" சகலை பின்னாலேயே வந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா, தோணுச்சாம்!"

கொழுந்தியாவின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "இவ்வளவு நல்லா ஆடறவரு எதுக்கு மாமா எங்க வீட்டுக்காரரப் பாத்து சந்தேகப்படணும்?"

"ஒவ்வொரு காயையும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கிட்டு நகர்த்தறாரேம்மா," என்றார் மாஸ்டர் பலவீனமாக.

"ஐயோ, அது நான் போட்ட சட்டம் மாமா! ஒரு சட்டையத் தேச்சு முடிச்சு மாட்டினாத்தான் ஒரு காய் நகர்த்தணும். இல்லேன்னா போனத் தூக்கி சோப்புத் தண்ணியில போட்டுடுவேன்னு சொல்லியிருக்கேன். காலரு, கையி, முதுகுன்னு தேச்சுக்கிட்டே யோசிப்பாரு. வெட்டற காயா இருந்தாலும் சரி, வெட்டாத காயா இருந்தாலும் சரி, சட்டை முடியணும்."

துணி காயாத மழை நாளில் ஊரில் இருந்த சட்டையெல்லாம் இஸ்திரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. சகலை நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று பேக்கரியில் கல்யாண வீட்டுக் கலகலப்பு. அக்காவும் தங்கையும் விட்டுப்போன பேச்சையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசினார்கள். ஏப்ரன் மலை கதவைத் தாண்டியது. சூடான பன் தட்டு எதிர்த் திசையில் போனது. மாஸ்டரின் மனைவி வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் யானைக் கதையைச் சொன்னாள். "முழு யானைய, சும்மா தூக்கிக் குடுத்திட்டாரு!" பிஸ்கட் வாங்க வந்தவர்கள் யானைக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டின்போது அவர் முன்னால் உட்கார்ந்து, பழையபடி வாயைப் பிளந்துகொண்டு, "எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டாள்.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு நாள் சகலையைப் பார்த்து எரிந்தது. இப்போது தன் பெயரை வைத்துக்கொண்டு தன் பெண்டாட்டியின் பாராட்டைத் தட்டிக்கொண்டு போகிற எவனோ ஒருவனைப் பார்த்து எரிந்தது. அவன் இவருடைய சட்டையைப் போட்டிருந்தான், இவருடைய தட்டில் சாப்பிட்டான். கன்னத்தில் அறையலாம் என்றால் வலிக்கப்போவது இவருக்கு.

இரண்டு நாளில் இணையதளம் மாஸ்டரின் கணக்கை மூடிவிட்டது. கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியது கண்டறியப்பட்டதாம். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை. மாவுத்துணிக்கு அடியில்கூடக் கண் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதைவிடப் பயங்கரமான விஷயம் அப்புறம்தான் உறைத்தது. இப்படி யாரையாவது பிடித்தால், அவரிடம் தோற்றவருக்கு, 'உங்கள் எதிராளி முறைகேடு செய்தார், உங்கள் புள்ளிகளைத் திருப்பித் தந்துவிட்டோம்' என்று ஒரு செய்தி போகும்.

மாஸ்டர் கையில் ஒட்டிய மாவோடு நடுக்கதவைத் தாண்டி ஓடினார். சலவைக்கடையில் நீராவி மேகமாக நின்றது. மேகத்துக்குள் சகலை ஒரு சட்டையின் கையை நீவிக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் வாசல் பக்கம் துணி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மெசேஜ் வந்துச்சா?" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

"வந்துச்சுண்ணே."

"காட்டிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

சகலை பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அக்காவும் தங்கச்சியும் இப்பத்தாண்ணே பேசிக்கறாங்க. பாருங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க. ஒரு மெசேஜுக்காக மறுபடியும் கதவ சாத்தணுமா? உங்க போன் கெட்டுப்போச்சு, இனிமே ஆட மாட்டீங்கன்னு சொல்லிக்கலாம். போய் மாவப் பாருங்கண்ணே."

நல்ல மனுஷன் என்றால் அந்த இடத்தில் கண்கலங்கி அவரைக் கட்டிப்பிடித்திருப்பான். மாஸ்டருக்கோ தலையிலிருந்து கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டத்திலும் இவன்தான் கெட்டிக்காரன். இப்போது நல்லவன் என்கிற பேரையும் இவனே எடுத்துக்கொள்வதா? ஆயுசு முழுக்க இவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவன் காப்பாற்றிய மானத்தோடு நிற்க வேண்டுமா? விடக்கூடாது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க!" என்று கத்தினார். சகோதரிகள் வந்தார்கள். "நான் ஜெயிச்சது பொய். மிஷின வெச்சு ஜெயிச்சேன். மாவுத்துணிக்கு அடியில இன்னொரு போன் இருந்துச்சு. இவன் ஒழுங்கா ஆடினான். நாந்தான் திருட்டு ஆட்டம் ஆடினேன்."

மாஸ்டரின் மனைவியின் கண் கலங்கியது.

"பாத்தியாடி, உங்க மாமாவோட மனச? தம்பி தோத்துட்டு வருத்தமா இருக்கேன்னு, ஜெயிச்சதையே வேண்டாங்கறாரு!"

"ஆமாக்கா," என்றாள் தங்கை. "நாந்தான் அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன் மாமா."

"அடக் கடவுளே! நெஜமா சொல்றேன்! டேய், அந்த மெசேஜக் காட்டுடா!"

"அழிச்சிட்டேன்னு சொன்னேனேண்ணே," என்றார் சகலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டர் பேக்கரிக்குள் ஓடினார். திரும்பி வரும்போது கையில் மரப்பலகையும் காய்களும் இருந்தன. இஸ்திரி மேசையில் இருந்த சட்டையை ஒதுக்கிவிட்டுப் பலகையை விரித்தார். சகலையின் தோளைப் பிடித்து அழுத்தி ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே இன்னொரு ஸ்டூலில் தானும் உட்கார்ந்தார்.

"போனு இல்ல, துணி இல்ல. ஆடு. இவங்க கண்ணால பாக்கட்டும்."

தோற்பதற்கென்றே ஒரு மனுஷன் அவ்வளவு ஆவேசமாக ஆட உட்கார்ந்ததை உலகம் கண்டிருக்காது. ஆனால் காயைத் தொட்டதும் கை சொன்ன பேச்சைக் கேட்குமா? கொஞ்ச நேரத்திலேயே மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயிக்கப் பார்த்தார். மனைவி அவர் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையின் கனம் அவருக்கு இதமாக இருந்தது.

அப்போது சகலை தன் ராணியைக் கொண்டுவந்து மாஸ்டரின் மந்திரி குறுக்காக வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். காவல் இல்லாத ராணி. வெட்டினால் ஆட்டம் முடிந்தது. சகலை ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்தார்.

மாஸ்டரின் கை மந்திரியை நோக்கிப் போனது. எடுத்துவிட்டால் போதும். மனைவி கத்துவாள். தெரு முழுக்கச் சொல்வாள். இந்தத் தடவை மிஷின் இல்லை, எல்லோரும் கண்ணால் பார்த்த வெற்றி. கை மந்திரியின் தலைமேலேயே நின்றது. பிறகு அது நகர்ந்து, சகலையின் ராணியை எடுத்து, அது முன்பு இருந்த கட்டத்திலேயே திரும்ப வைத்தது.

"விட்டுக்குடுக்கறியா? எனக்கா? ஒழுங்கா ஆடுடா."

"தெரியாம வெச்சிட்டேண்ணே."

"நீ தெரியாம எதையுமே வெக்க மாட்ட. அதுதாண்டா உன்கிட்ட எனக்குப் புடிக்காததே. ஆடு!"

சகலை அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பலகையைப் பார்த்தார். அதற்கப்புறம் ஆடினார். மாஸ்டரின் குதிரைகள் எப்போது காணாமல் போயின, ராஜாவைச் சுற்றியிருந்த சிப்பாய்கள் எங்கே போனார்கள், ஒன்றும் தெரியவில்லை. புயல் அடித்து ஓய்ந்த மாதிரி இருந்தது. ராஜா மட்டும் தனியாக நனைந்துகொண்டு நின்றார்.

மாஸ்டரின் தோளிலிருந்து கை மெதுவாக எடுபட்டது.

"அப்ப அன்னிக்கு யானையக் குடுத்தது?" என்று கேட்டாள் மனைவி.

"மிஷினு."

"ராஜாவ மூலைக்குத் துரத்தினது?"

"அதுவும் மிஷினு."

"நீங்க என்னதான் பண்ணீங்க?"

"விரலால தள்ளினேன்."

கொழுந்தியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. மனைவி சிரிக்கவில்லை. "நான் தெருவெல்லாம் சொன்னேன்," என்றாள். "அதுகூடப் போவுது. தன் பாட்டுக்கு வேர்த்து வடிஞ்சு ஆடற மனுஷனப் போயி மிஷின்னு சொன்னீங்களே. அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

மாஸ்டர் விரலில் காய்ந்துபோன மாவைச் சுரண்டினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். எந்தப் பக்கமாகத் திறப்பது என்று தெரியவில்லை.

"நீ மிஷின் இல்லடா," என்றார் கடைசியில். "அந்த மிஷினு உன்னையும் ஜெயிக்குது, என்னையும் ஜெயிக்கும். அதப் பாத்து எனக்கு ஒரு பொறாமையும் வரல. உன்னப் பாத்தாத்தான் வயிறு எரியுது. இப்பவும் எரியுது. நீ மனுஷன்தான்."

சகலை காய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பழையபடி அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்த்தாமலே சொன்னார்:

"எனக்கும்தாண்ணே."

"என்ன எனக்கும்தான்?"

"பொறாமை. நான் நின்னுக்கிட்டேதான ஆடறேன். கால் ரெண்டும் கட்டையாப் போயிடும். கதவு வழியா எட்டிப் பாத்தா நீங்க நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு, ராஜா மாதிரி ஆடிக்கிட்டிருப்பீங்க. மாவு அது பாட்டுக்குத் தானா உப்பும். சட்டை என்னிக்காவது தானாத் தேச்சுக்குமா? அதப் பாக்கறப்ப எனக்கு அப்படி எரியும்ணே. அந்தக் கோவத்துலதான் உங்களத் தோக்கடிக்கறதே."

மாஸ்டரின் உள்ளங்காலில் எங்கேயோ ஒரு குளிர்ச்சி கிளம்பி, முழங்கால், வயிறு என்று ஏறி, உச்சந்தலை வரைக்கும் வந்து நின்றது. வாயோரம் தானாக விரிந்தது. தன் நாற்காலி என்று நினைத்து ஸ்டூலில் சாய்ந்துகொள்ளப் பார்த்து, சாய ஒன்றும் இல்லாமல் சுதாரித்துக்கொண்டார்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தாண்ணே."

"இன்னொரு தடவ சொல்லு," என்றார் மாஸ்டர். "உங்க அண்ணி காதுல விழற மாதிரி சொல்லு."